சுவீடனில் பணம் இருந்தால் ஒரு கம்பெனி எவ்வளவு காடு வேண்டுமானாலும் வாங்கிவிடலாமா?

முடியாது. அங்கே ஏறக்குறைய பாதிக் காடு தனிநபர் கையில்தான் இருக்கிறது. அதைக் கம்பெனிகள் விழுங்கிவிடாமல் தடுப்பது 1979-ஆம் ஆண்டு நிலம் வாங்கல் சட்டம். தனிநபரின் விவசாய நிலத்தையோ காட்டையோ வாங்கும் கம்பெனி 3 மாதத்துக்குள் அரசு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் கிரயமே செல்லாது. அனுமதி கிடைக்க ஒரு வழி, ஈடான நிலத்தைத் தனிநபருக்கு விட்டுக்கொடுப்பது. அப்படியானால் பெரிய கம்பெனிகளிடம் காடு எப்படி? மரத் தொழில் செய்யும் சுவீடன் கம்பெனியான எஸ்.சி.ஏ.வின் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் நிலம் பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்கு முந்தைய சொத்து.

வாங்கினாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. அரை ஹெக்டேருக்கு மேல் மொத்தமாக வெட்டுவதென்றால் 6 வாரம் முன்பே வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு மறுநடவும் கட்டாயம். வேலி போட்டு ஊராரைத் துரத்தவும் முடியாது: யார் காட்டிலும் நடக்கலாம், பெர்ரி பறிக்கலாம்.