கட்டுப்பாட்டுத் திருப்புவிசையுடன் சுழலும் திண்மப்பொருளின் சிமுலேஷனில், ரூங்கே-குட்டா என்ற வழக்கமான எண்கணிப்பு முறைக்குப் பதில் எதைப் பயன்படுத்தலாம்? சுழற்சியை நான்கு எண்களில் குறிக்கும் குவாட்டர்னியனை ஒவ்வொரு படியிலும் நீளம் 1 ஆக்கினால் போதாதா?

போதாது. நீளத்தைச் சரிசெய்தால் சுழற்சி செல்லத்தக்கதாக இருக்கும், அவ்வளவுதான். கோண உந்தமும் ஆற்றலும் சரியான மதிப்பிலிருந்து மெல்ல நகர்வது நிற்காது. கட்டுப்பாடு உள்ள இடத்தில் இது ஆபத்து: கணிப்பு முறையே ஆற்றலைக் கொஞ்சம் தின்றால், போதிய தணிப்பு இல்லாத கன்ட்ரோலர்கூட நிலையானதாகத் தெரியும். நீண்ட நேர ஓட்டத்தில், தணிப்பு எங்கிருந்து வருகிறது என்றே பிரித்தறிய முடியாது.

என் பரிந்துரை லீ குல மாறுபாட்டு முறை (Lie group variational integrator). இயக்கச் சமன்பாட்டைக் காலப்படிகளாகத் துண்டாக்காமல், அந்தச் சமன்பாடு பிறக்கும் லக்ராஞ்ச்-தலம்பேர் கொள்கையையே துண்டாக்குவது இதன் அடிப்படை. ஒரு படி இப்படி நடக்கும். படிநீளத்தை ந என்போம். இனி உந்தம் என்றால் கோண உந்தம், விசை என்றால் திருப்புவிசை; இரண்டும் பொருளோடு சுழலும் சட்டகத்தில் உள்ளவை.

முதலில் வ = ந × (உந்தம் + ந/2 × திருப்புவிசை). பிறகு, ஜ நிலைமத் திருப்புத்திறன் அணி எனில்,

வ + வ×க + (வ·க)க − 2ஜக = 0

என்பதை க-வுக்குத் தீர்க்க வேண்டும். க என்பது இந்தப் படியின் சுழற்சியைக் குறிக்கும் திசையன்; வ×க குறுக்குப் பெருக்கல், வ·க புள்ளிப் பெருக்கல். தொடக்க ஊகம் ஜ-வின் நேர்மாறு × வ/2. ஊகத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தும் நியூட்டன் முறையில் வழக்கமாக இரண்டு மூன்று சுற்றுகளில் முடியும். க-விலிருந்து, திசையனைச் சுழற்சி அணியாக்கும் கெய்லி உருமாற்றத்தால் ஒற்றைப்படிச் சுழற்சி அணி கிடைக்கும். பழைய நிலையை (பொருள் எப்படித் திரும்பியிருக்கிறது என்பதைக் காட்டும் அணியை) அதனால் வலப்புறம் பெருக்கினால் புதிய நிலை. கடைசியாக, பழைய உந்தத்தோடு பழைய விசையின் ந/2 பங்கைச் சேர்த்து, அந்த அணியின் இடமாற்று அணியால் பெருக்கி, புதிய விசையின் ந/2 பங்கைக் கூட்டவும்.

சிக்கல் வருவது அந்தப் புதிய விசையில்தான். அது புதிய கோணவேகத்தைச் சார்ந்திருந்தால், உந்தம் சமன்பாட்டின் இருபுறமும் வந்துவிடும். தணிப்பு நேரியல் என்றால் ஒரு 3×3 சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்த்தால் போதும். பழைய கோணவேகத்தைப் போட்டுச் சமாளிப்பது வேண்டாம். துல்லியம் இரண்டாம் வரிசையிலிருந்து (படிநீளத்தைப் பாதியாக்கினால் பிழை கால்பங்காகும்) முதல் வரிசைக்கு (பாதிதான் ஆகும்) இறங்கும்.

நியூட்டன் நிறுத்த அளவை 10⁻⁶-இல் விட்டால் மிச்சப்பிழை படிக்குப் படி சேரும். இரட்டைத் துல்லியத்தில் (64-பிட் எண்களில்) 10⁻¹² அளவுக்கு இறக்குங்கள். படிநீளத்தை இடையில் மாற்றாதீர்கள்: விசையற்ற இயக்கத்தில் ஆற்றல் பிழை கட்டுக்குள் நிற்பது மாறாத படிநீளத்தால்தான். கெய்லி 180° சுழற்சியில் உடையும், ஆனால் துல்லியத்துக்காகவே ஒரு படியில் 0.1 ரேடியன் அளவில் நிற்பது நல்லது.

நிரல் சரியா என்று பார்க்க ஆற்றல் வரைபடத்தை நம்ப வேண்டாம். கன்ட்ரோலர் வேலை செய்யும்போது ஆற்றல் மாறத்தானே செய்யும். சுழலாத நிலைச் சட்டகத்தில் கோண உந்தத்தின் மாற்றத்தை எடுங்கள். அது அந்தச் சட்டகத்துக்கு மாற்றிய பழைய, புதிய விசைகளின் கூட்டுத்தொகை × ந/2-க்குச் சமமாக வர வேண்டும், அதுவும் முழுக்கணிப்புத் துல்லியத்தில். படிநீளம் பெரிதானாலும் இது மாறாது. பிசகினால், இடமாற்று அணி தவறிய இடத்தை முதலில் தேடுங்கள்.