ட்ரஸ், உத்திரம், போல்ட், வெல்டிங்: கேட்டவையும் சொன்னவையும்

இரும்புக் கட்டுமான வடிவமைப்பில் இருபத்தெட்டு வருடம் ஓட்டியவன் நான். மரத்தை ஆசைக்காகக் கற்றுக்கொண்டேன். கேள்வி அனுப்பும்போது ஊர், நீளம், தூண் இடைவெளி மூன்றையும் எழுதுங்கள். “எந்த பைப் போடலாம்?” என்று மட்டும் கேட்டால் எனக்கு ஜோசியம் தெரியாது.

வேளச்சேரி வாசகர்: மொட்டை மாடியில் 20க்கு 30 அடி தகர ஷெட். ஷீட் எடை குறைவுதானே, 2 அங்குல பைப் தூண் ஆறு போதுமா?

ஷீட் கீழே விழுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது மேலே போகும். சென்னைக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதி சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், சுமார் 150 கிலோ. உங்கள் கூரை 56 சதுர மீட்டர். கழிவெல்லாம் போக 100 கிலோ என்றே வைத்தாலும் ஐந்தரை டன் மேல்நோக்கி இழுக்கும். ஷீட், சட்டம், தூண் எல்லாம் சேர்ந்து ஒரு டன் வந்தால் அதிகம். மீதி நாலரை டன்னைப் பிடிப்பது யார்? தூணைத் தளத்தோடு கட்டும் ஆங்கர் போல்ட்.

அந்த போல்ட் எதில் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். மாடியில் தட்டோட்டுக்கு அடியில் மூன்று நான்கு அங்குலத்துக்குச் ‘சுருக்கி’ என்ற செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு அடுக்கு இருக்கும். நாலு அங்குல போல்ட்டைத் தட்டி இறக்கினால் அது செங்கல் ஜல்லியோடு நின்றுவிடும், கான்கிரீட்டைத் தொடாது. சுருக்கியை வெட்டி எடுத்து, பேஸ் பிளேட்டை (தூணின் அடித்தகட்டை) கான்கிரீட்டின் மேலேயே உட்காரவையுங்கள், அப்புறம் நீர்க்கசிவுக்கு அடையுங்கள். பைப் சைஸை அதற்குப் பிறகு பேசலாம்.

நாகப்பட்டினம் வாசகர்: 12 மீட்டர் ட்ரஸ் (முக்கோணங்களாகப் பின்னிய கூரைச் சட்டம்) போட்ட கிடங்கு. புயலில் ஷீட் போகவில்லை, ஆனால் ட்ரஸ்ஸின் கீழ்ச் சட்டம் பக்கவாட்டில் பாம்பு மாதிரி வளைந்துவிட்டது. இழுவிசையில் இருப்பது எப்படி வளையும்?

அருமையான கேள்வி. சாதாரண நாளில் அது இழுவிசையில்தான் இருக்கும். காற்று கூரையைத் தூக்கும்போது ட்ரஸ் தலைகீழாக வேலை செய்யும், கீழ்ச் சட்டம் அமுக்கத்துக்கு வந்துவிடும். மேல் சட்டத்தை, ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின்கள் பக்கவாட்டில் பிடித்திருக்கின்றன. கீழ்ச் சட்டத்தைப் பிடிக்க ஆளில்லை. உங்கள் படத்தில் 50×50×6 ஆங்கிள் இரண்டு, முதுகோடு முதுகு. அதன் பக்கவாட்டுச் சுழல் ஆரம் (வளைவை எதிர்க்கும் திறனைக் காட்டும் அளவு) சுமார் 2.4 செ.மீ. 12 மீட்டருக்கும் பிடிமானம் இல்லாததால் 1200ஐ 2.4ஆல் வகுத்தால் 500. இதுதான் மெலிவு விகிதம், கூடக் கூட எளிதில் வளையும். காற்றால் மட்டும் அமுக்கம் வரும் உறுப்புக்கு, இரும்புக் கட்டுமான விதியான ஐஎஸ் 800 வைத்த எல்லை 250. எப்போதும் இழுவிசையிலேயே இருக்கும் கம்பிக்குக்கூட 400தான்.

வளைந்ததை மாற்றிவிட்டு, ட்ரஸ்ஸுக்கு ட்ரஸ் 3 மீட்டருக்கு ஒரு டை ஆங்கிள் கொடுங்கள், எண் 125க்கு இறங்கும். அந்த டைகளும் எங்காவது போய் நிற்க வேண்டும், அதனால் கடைசி இரண்டு ட்ரஸ்களுக்கு நடுவில் குறுக்கு பிரேசிங் கட்டாயம். அது இல்லாவிட்டால் எல்லாச் சட்டமும் சேர்ந்தே வளையும்.

காரைக்குடி வாசகர்: தாத்தா வீட்டுத் தேக்கு உத்திரத்தில் நீளவாக்கில் விரிசல், விரல் நுழைகிறது. கொத்தனார் இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு இறுக்கச் சொல்கிறார்.

உடனே இறுக்க வேண்டாம். மரம் காயும்போது வளையங்களின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வித்தியாசம்தான் விரிசலாகத் திறக்கிறது. நாரோடு ஓடும் விரிசல் பெரும்பாலும் பழையது. உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்: தூசியும் ஒட்டடையும் இருந்தால் நிம்மதி, மரம் வெளிர் நிறத்தில் புதிதாகத் தெரிந்தால் கவலைப்பட வேண்டும். விரிசல் சாய்வாக ஓடி அடிப்பக்கத்தில் வெளியேறினாலும், அடியில் முடிச்சு இருந்து அதிலிருந்து தொடங்கினாலும் உடனே முட்டுக் கொடுங்கள்.

ஆனால் நான் முதலில் பார்ப்பது நடுவை அல்ல, சுவருக்குள் புதைந்த முனையை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். “டக்” என்று நின்றால் நல்லது, அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் முனை போய்விட்டது.

இரும்புப் பட்டையில் ஒரு வில்லங்கம் உண்டு. மரம் அகலவாக்கில் சுருங்கி விரியும், பட்டை அப்படியே நிற்கும். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை போல்ட் போட்டுப் பட்டையில் பூட்டினால், நடுவில் மரம் தானாகப் பிளக்கும். பழைய மரத்துக்கு ஆபத்து குறைவு, பச்சை மரத்துக்கு அதிகம். பட்டை தேவைப்பட்டால் போல்ட் வரிசைகளை நெருக்கமாக வையுங்கள். முனையிலிருந்து முதல் போல்ட்டுக்கு போல்ட் விட்டத்தைப் போல ஏழு மடங்காவது விடுங்கள்.

துவாக்குடி பட்டறைக்காரர்: 6 எம்எம் வெல்டிங்கைச் சுற்றி இழுத்துவிட்டால் போல்ட்டே தேவையில்லை. ஓட்டை போட்டால் ஆங்கிள்தான் பலம் குறையும். டிசைனர்கள் ஏன் போல்ட் போல்ட் என்கிறீர்கள்?

காகிதத்தில் நீங்கள் சொல்வது சரி. பட்டறையில் போட்ட 6 எம்எம் பில்லெட்டின் (மூலை வெல்டிங்கின்) தொண்டை, அதாவது சுமை தாங்கும் கனம், 4.2 எம்எம். 10 செ.மீ. நீளம் சுமார் எட்டு டன் தாங்கும். 4.6 தர 16 எம்எம் போல்ட் ஒன்று மூன்று டன்தான். 50×6 ஆங்கிளில் 18 எம்எம் ஓட்டை போட்டால் பரப்பில் சுமார் 19 சதவீதம் போகிறது. எல்லாம் உண்மை.

ஆனால் அதே வெல்டிங்கை சைட்டில் போட்டால் ஐஎஸ் 800 விதியே பலத்தை ஆறில் ஒரு பங்கு குறைக்கச் சொல்கிறது. நாற்பது அடி உயரத்தில், ஒரு கையால் பிடித்துக்கொண்டு அடிக்கும் வெல்டிங் அது. போல்ட் விடுபட்டால் கீழே நின்றே தெரியும். வெல்டிங்கில் உள்ளே கசடு இருந்தால் மேலே மீன் செதில் மாதிரி அழகாகவே இருக்கும்.

துவாக்குடி பட்டறைக்காரர்: ஏசி அறையில் உட்கார்ந்து சொல்வது சுலபம் சார். என் பையன்கள் போட்ட வெல்டிங் எதுவும் இதுவரை விட்டதில்லை.

முழுச் சுமை இதுவரை வந்திருக்காது. ஒரு முறை மாற்று வேலைக்காக ஒரு குசெட்டை (சட்டங்களை இணைக்கும் தகட்டை) கிரைண்டரால் வெட்டினோம். வெளியே எட்டு எம்எம் பற்று, உள்ளே ஆங்கிளின் விளிம்பு உருகவே இல்லை, கேஸ் கட்டிங் செய்த கோடு அப்படியே தெரிந்தது. நான் கையெழுத்துப் போட்ட வேலை. அன்று இரவு தூங்கவில்லை.

ஓசூர் வாசகர்: போல்ட் மட்டும் யோக்கியமா? நட்டைக் கையால் சுற்றிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகத்துக்கு இரண்டையும் போட்டால் இரட்டிப்பு பலம் இல்லையா?

முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது பாதி தப்பு, இதை எத்தனை முறை சொன்னாலும் தீராது போல. 18 எம்எம் ஓட்டையில் 16 எம்எம் போல்ட் இருக்கிறது. அது நழுவி உடம்பைச் சாய்த்த பிறகுதான் சுமை ஏற்கும். வெல்டிங்குக்கு நழுவல் கிடையாது, மொத்தச் சுமையும் முதலில் அதன் தலையில். சாதாரண போல்ட்டையும் வெல்டிங்கையும் ஒரே இணைப்பில் கூட்டிக் கணக்குப் போடாதீர்கள்.

கடலூர் வாசகர்: மொட்டை மாடி ஷெட்டுக்கு எந்த பைப்…

வேளச்சேரிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். கடலூரும் கடற்கரைதான்.

கோவை வாசகர்: கடைக்குள் பரண், 5 மீட்டருக்கு 150 ஐ-பீம். உடையாது என்கிறார்கள், ஆனால் நடந்தால் ஆடுகிறது.

உடையாதது வேறு, ஆடாதது வேறு. 200 பீமின் எடை 150ஐவிட ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை, விறைப்போ மூன்று மடங்கு. அதை மாற்ற முடியாவிட்டால் நடுவில் ஒரு தூண்.

ராணிப்பேட்டை பேப்ரிகேட்டர்: மேலிருந்து தொங்கும் ஒரே நீள ராடில் இரண்டு நடைமேடை, நடுவில் ஒரு நட். அவ்வளவு தூரம் மரை போடுவது கஷ்டம். மேல் மேடை வரை ஒரு ராடு, அங்கிருந்து கீழ் மேடைக்கு வேறு ராடு என்று பிரிக்கலாமா? மொத்த எடை அதேதானே?

வேண்டாம், நிறுத்துங்கள். டிசைனரைக் கேட்காமல் ஒரு நட்டைக்கூட நகர்த்தாதீர்கள். நீங்கள் கேட்கும் இதே மாற்றத்தை அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஓட்டலில் செய்தார்கள். முதல் வரைபடத்தின்படி ஒரே ராடாக இருந்திருந்தால் மேல் பீமின் அடியிலுள்ள நட் தன் மேடையை மட்டும் தாங்கியிருக்கும், கீழ் மேடையின் எடை ராடு வழியே நேராக மேலே போயிருக்கும். ராடைப் பிரித்ததும் கீழ் மேடையும் மேல் பீமில் தொங்கியது, அந்த நட்டுக்கு இரட்டைச் சுமை. 1981 ஜூலை 17 அன்று நட் பீமைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. 114 பேர் இறந்தார்கள். ராடு அறுந்துபோகவில்லை.

தூத்துக்குடி வாசகர்: பனங்கை இன்னும் நம்பலாமா?

வைரம் பாய்ந்த முதிர்ந்த மரமென்றால் தாராளமாக. பனைக்குப் பலம் விளிம்பில், நடு வெறும் சோறு. அழகுக்காக வெளிப்பக்கத்தை இழைத்துத் தள்ளாதீர்கள்.

தாம்பரம் வாசகர்: சார், மொட்டை மாடியில்…

சுருக்கி. ஆங்கர். மேலே பாருங்கள்.

துவாக்குடி பட்டறைக்காரர்: சார், கோபத்தில் ஒரு பழைய ஜாயின்ட்டை வெட்டினேன். ஒரு பக்கம் சுத்தம். மறுபக்கம் மூலையில் கசடு, ஒரு அங்குல நீளம். எந்த வெல்டிங் ராடு வாங்கட்டும்?

ராடு மேல் பழி போடாதீர்கள். இந்தக் கனத்துக்கு 6013 எண் வெல்டிங் ராடே போதும். மூலையில் கசடு என்றால் கரண்ட் குறைவு, அல்லது முதல் ஓட்டத்தின் கசடைத் தட்டி எடுக்காமலே இரண்டாவது ஓட்டம். பெயின்ட், துரு இரண்டையும் வயர் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். 7018க்குப் போனால் பாக்கெட்டைத் திறந்து போட்டு வைக்காதீர்கள், ஈரம் ஏறினால் உள்ளே வெடிப்பு வரும். அதே பையனை வைத்து இரண்டு மாதிரித் துண்டு அடித்து வெட்டிப் பாருங்கள், படம் அனுப்புங்கள்.