ஆசியவியல் படிக்க ஜெர்மனி வர நினைக்கும் ஏற்காட்டுத் தங்கைக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான்: வீடு ஏற்காட்டில், பிளஸ் டூ சேலத்தில் முடித்தாயிற்று, ரிசல்ட்டும் வந்துவிட்டது. ஜெர்மனியில் ஆசியவியல், அதாவது ஆசிய நாடுகளின் மொழி, வரலாறு, சமூகம் பற்றிய இளநிலை, படிக்க ஆசை. இந்த அக்டோபரிலேயே சேர முடியுமா, எவ்வளவு செலவாகும், தாய்மொழி தமிழ் என்பதால் படிப்பு சுலபமாக இருக்குமா?

இந்த அக்டோபரில் முடியாது. அடுத்த அக்டோபரும் கஷ்டம். அதற்கும் அடுத்ததைக் குறி வையுங்கள்.

நம் பிளஸ் டூவை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர முடியாது. ஒன்று, அங்கே போய் ஸ்டூடியன்கோலெக் என்ற ஒரு வருட ஆயத்தப் படிப்பு படித்துத் தேர்வு எழுத வேண்டும். இல்லையென்றால் இங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஒரு முழு வருடம் முடித்திருக்க வேண்டும். எனக்கு இரண்டாவது வழிதான் நல்லதாகப் படுகிறது. வீட்டிலிருந்தபடியே படிக்கலாம், ஸ்டூடியன்கோலெக் நுழைவுத் தேர்வுக்கு அலைய வேண்டியதில்லை, ஜெர்மன் மொழிக்கும் அவகாசம் கிடைக்கும். ஆனால் எந்தப் பாடம் என்பது முக்கியம். அந்த ஒரு வருடம் எந்தத் துறையில் படித்தீர்களோ, அதை ஒட்டிய துறைக்குத்தான் அனுமதி தருவார்கள். பி.காம். முதல் வருடத்தை வைத்துக்கொண்டு ஆசியவியல் கேட்டால் சிக்கல் வரும். வரலாறு, தமிழ் இலக்கியம், ஆங்கில இலக்கியம் இவற்றில் ஒன்றில் சேருங்கள். முதல் இரண்டு செமஸ்டரிலும் ஒரு பேப்பர்கூட அரியர் இருக்கக் கூடாது. அரியர் இருந்தால் அது 'வெற்றிகரமாக முடித்த வருடம்' ஆகாது.

ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும், விண்ணப்பிக்கப் பெரும்பாலும் ஜூலை 15 கடைசி. நம்மூரில் இரண்டாவது செமஸ்டர் முடிவு தாமதமானால் அந்தத் தேதி கைவிட்டுப் போகும். அதற்கும் முன்னால் ஏபிஎஸ் என்ற சான்றிதழ் சரிபார்ப்பு வேறு இருக்கிறது. இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் அது கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய், கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் இரண்டு வருடக் கணக்கு சொல்கிறேன். முதல் வருடம் முடிந்ததும் கல்லூரியை விட்டுவிடாதீர்கள். இரண்டாம் வருடத்தைத் தொடர்ந்துகொண்டே விண்ணப்பம் போடுங்கள். அட்மிஷன் கிடைக்காவிட்டாலும் இங்கே பட்டம் கையில் நிற்கும். முதுநிலைக்கு அங்கே ஆங்கில வழிப் படிப்புகள் உண்டு, ஹைடெல்பெர்க்கின் டிரான்ஸ்கல்சரல் ஸ்டடீஸ் அப்படி ஒன்று.

இளநிலை அப்படியல்ல. இந்தத் துறையில் பெரும்பாலும் ஜெர்மன் வழிதான். கேட்பது சி1 நிலை (ஏ1 தொடங்கி சி2 வரை உள்ள ஆறு படிகளில் ஐந்தாவது): பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஜெர்மன் மொழித் தேர்வான டிஎஸ்எச்சில் 2ஆம் நிலை, அல்லது டெஸ்ட்டாஃப் என்ற ஜெர்மன் மொழித் தேர்வின் நான்கு பகுதியிலும் 4. ஒரு பகுதியில் 3 வந்தாலும் பல இடங்களில் கதவு மூடிவிடும். ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே நிறுவனத்தின் (Goethe-Institut) சி1 சான்றிதழை எல்லாப் பல்கலைக்கழகமும் ஏற்காது, பணம் கட்டும் முன் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலைப் பாருங்கள். ஏ1 தொடங்கி சி1 வரை 45 நிமிட வகுப்பாகச் சுமார் 800 முதல் 1,000 வகுப்புகள் ஆகும். வாரம் 10 வகுப்பு என்றால்கூட ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்திலிருந்து பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் வகுப்புக்குப் போய் வருவது நடக்கிற காரியமில்லை. வகுப்பை ஆன்லைனில் வைத்துக்கொண்டு, தேர்வுக்கு மட்டும் போய் வாருங்கள்.

இனி படிப்பைப் பற்றி. பல துறைகளைச் சேர்த்துப் படிப்பது என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்ப்பது என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு, அவர்கள் முதல் செமஸ்டரிலேயே திணறிப் போகிறார்கள். நம் சேலத்து ஜவ்வரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் அது தென்கிழக்காசியாவில் சேகோ பனையின் உட்சோற்றிலிருந்து எடுத்த மாவு. ஜாவா அரிசி என்பதே ஜவ்வரிசி ஆனது என்று சொல்வார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது, அந்தப் பக்கத்திலிருந்து சரக்கு வருவதும் நின்றது. 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கிழங்கோ தென் அமெரிக்காவிலிருந்து கேரளம் வழியாக வந்தது. பிறகு 1981இல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்கான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. இதை ஒரு கட்டுரையாக எழுதச் சொன்னால் சொல்லாராய்ச்சி, போர் வரலாறு, தாவரவியல், கூட்டுறவுப் பொருளாதாரம் நான்கும் வேண்டும். அதோடு மலாய், டச்சு, ஜப்பானிய ஆவணங்களில் ஏதாவது ஒன்றையாவது மூலத்திலேயே வாசிக்கத் தெரிய வேண்டும். இந்தப் பட்டத்துக்கு முதுகெலும்பு மொழிதான், மற்றவை அதன்மேல்தான் நிற்கும்.

ஆகவே தமிழ் தெரிவது உதவும், ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் அல்ல. தாய்மொழியைப் படிப்பு மொழியாக எடுத்துக் கிரெடிட் வாங்குவதைப் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள், வேறொரு ஆசிய மொழி எடுத்தாக வேண்டும். இளநிலை மொத்தம் 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு. செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்றால் 900 மணி நேரம். சீனமோ ஜப்பானியமோ எடுத்தால் முதல் வருடத்தில் அதில் பெரும்பங்கு எழுத்துக்கும் சொல்லுக்குமே போகும். இரண்டு வாரம் வகுப்பு தவறினால் எட்டிப் பிடிப்பது பெரும்பாடு.

தமிழின் பலன் வேறிடத்தில் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் ஹாலே நகரில் பிராங்கே அறக்கட்டளையின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஹாம்பர்க்கில் சங்க இலக்கியச் சுவடி ஆராய்ச்சி நடக்கிறது. தமிழையும் பழைய ஜெர்மன் கையெழுத்தையும் சேர்த்து வாசிக்கிறவர்கள் மிகக் குறைவு. நீங்கள் அந்தக் குறைவான பேரில் ஒருவராக ஆகலாம், அதற்கு இப்போதிருந்தே உங்கள் தமிழ் இலக்கணம் உறுதியாக இருக்கட்டும்.

எங்கே சேரலாம்? ஹைடெல்பெர்க்கில் 1962இல் தொடங்கிய தெற்காசிய நிறுவனம் இருக்கிறது, அங்கே தமிழும் கற்பிக்கிறார்கள். 2019இல் சீனம், ஜப்பான் துறைகளோடு ஒரே வளாகத்துக்கு வந்தது. நூலகத்துக்காகவே அதை முதலில் வைப்பேன். ஆனால் அந்த மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். பானில் ஆசியவியல், பெர்லின் ஹும்போல்ட்டில் ஆசிய ஆப்பிரிக்க வட்டார ஆய்வுகள்: இவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, சில நூறு யூரோ செமஸ்டர் தொகை மட்டும். கையில் பணம் அளவாக இருந்தால் பான். துணைப்பாடம் எடுக்க வாய்ப்பு இருக்கும் இடத்தில் பொருளாதாரம், புவியியல், அரசியல் என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசியவியலை மட்டும் காட்டி வேலை தேடுவது நீண்ட காத்திருப்பு. பட்டம் முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தங்கலாம்.

விசாவுக்கு முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும், மாதம் 992 யூரோ அதிலிருந்து வரும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே 12 லட்சத்தைத் தொடும். மாணவர் மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோவுக்குக் குறையாது, அறை வாடகை 350 முதல் 500. பொது வானொலி, தொலைக்காட்சிக்கான வானொலிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ உண்டு, கூட இருப்பவர்களோடு பிரித்துக்கொள்ளலாம். அதைக் கேட்டுக் கடிதம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள், பாக்கி ஏறும். வங்கிக் கடன் என்றால் ஒன்று கவனியுங்கள்: ஏழரை லட்சத்துக்கு மேல் பொதுவாக அடமானம் கேட்பார்கள், விவசாய நிலத்தைப் பல வங்கிகள் ஏற்பதில்லை. காபித் தோட்டப் பத்திரத்தை நம்பி இருக்காமல், சேலத்தில் வீட்டு மனை யார் பெயரில் இருக்கிறது என்று அப்பாவிடம் இப்போதே பேசுங்கள்.

வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே செய்யும் மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் வராது. உணவக வேலையைவிட அதைத் தேடுங்கள், ஆனால் முதல் வருடம் மொழியை விட்டுவிட்டு வேலைக்கு ஓட வேண்டாம்.

அதற்குக் காரணம் தேர்வு விதி. நம்மூரில் அரியரைத் திரும்பத் திரும்ப எழுதலாம், ஜெர்மனியில் அப்படி இல்லை. கட்டாயத் தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு, பெரும்பாலும் இரண்டோ மூன்றோ. கடைசி முறையும் தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள், அதே பாடத்தை ஜெர்மனியில் வேறெங்கும் தொடரவும் முடியாது. விசாவும் அதோடு சேர்ந்து ஆட்டம் காணும். இந்தத் துறையில் அப்படி அடிபடுவது அநேகமாக மொழித் தேர்வில்தான். பதிவு செய்துவிட்டுத் தயாராக இல்லை என்றால், கடைசித் தேதிக்குள் பதிவை விலக்கிக்கொள்ளுங்கள். வராமல் இருந்தால் ஒரு வாய்ப்பு போனதாகவே கணக்கு.

இந்த வாரம் செய்ய வேண்டியது கல்லூரி விண்ணப்பம்தான். சேலத்திலேயே வரலாறு கிடைத்தால் எடுங்கள், இல்லையென்றால் தமிழ் இலக்கியம். ஏ1 வகுப்பை கல்லூரி திறக்கும் முன்பே தொடங்கிவிடுங்கள்.