வடிகட்டியின் கூர்மை – கடிதம்

அன்புள்ள ஐயா,

741 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) வைத்து 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர், அதாவது ஒரு பட்டை அதிர்வெண்களை மட்டும் விடும் வடிகட்டி, செய்தேன். அதன் கூர்மையைச் சொல்லும் க்யூ (நடு அதிர்வெண்ணைப் பட்டையின் அகலத்தால் வகுத்தது) 10. கணக்கு சரியாக இருக்கிறது, போர்டில் உச்சம் கீழே இறங்கி நிற்கிறது. கண்டென்சரை மாற்றவா? க்யூவை 50 வரை கொண்டுபோக ஆசை. இவை எங்கெல்லாம் பயன்படும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கண்டென்சர் மேல் பழி போடாதீர்கள். இரண்டு ரெசிஸ்டர், இரண்டு கண்டென்சர், ஒரு ஆப்-ஆம்ப் என்ற அந்தச் சுற்றில் நடு அதிர்வெண்ணில் பெருக்கம் க்யூவின் வர்க்கத்தைப்போல இரண்டு மடங்கு. உங்களுக்கு 200. 741-இடம் 10 கிலோஹெர்ட்ஸில் இருப்பதே சுமார் 100தான், இல்லாததை அது எங்கிருந்து கொடுக்கும்? சாலிடரிங் அயர்னை எடுக்கும் முன் டேட்டாஷீட்டைப் புரட்டியிருக்க வேண்டாமா?

எங்கே பயன்படும் என்பதற்குப் பெரிய பட்டியல் வேண்டாம். ஈக்வலைசர், ஈசிஜி, 38 கிலோஹெர்ட்ஸ் ரிமோட் ரிசீவர், சரி, போதும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 50தான். எனக்கும் அந்த ஆசை இருந்தது. புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸ் தந்தியைக் கேட்கப் பழகிய நாட்களில், இரைச்சலே வரக்கூடாது என்று மூன்று ஆப்-ஆம்ப் போட்டு 700 ஹெர்ட்ஸில் வெறும் 10 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு ஃபில்டர் கட்டினேன், க்யூ 70. இரைச்சல் போனது, கூடவே செய்தியும் போனது. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லிசெகண்ட், அடுத்த இடைவெளியும் அவ்வளவே. அந்த இடைவெளி முடியும்போதும் பழைய ஓசையில் 15 சதவீதம் மிச்சம் இருந்தது, அதற்குள் அடுத்த புள்ளி வந்து ஏறிக்கொண்டது. காதில் விழுந்தது ஒரே ரீங்காரம். இரவெல்லாம் ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் பார்த்தேன், தப்பு அங்கே இல்லை. பட்டை குறுகக் குறுக ஃபில்டர் நிரம்பவும் அடங்கவும் அதிக நேரம் எடுக்கும். எந்த ஆப்-ஆம்ப் போட்டாலும் இதில் சலுகை கிடையாது.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு குறுகிய துடிப்பை உள்ளே தட்டிவிட்டு ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். அடித்த மணிபோல அலை நீண்டுகொண்டே போகும். க்யூ 50 என்றால் நூற்றில் நாலு பங்காகக் குறையவே ஏறத்தாழ 50 அலை ஆகும்.

இப்போதைக்கு க்யூவை 3-க்கு இறக்குங்கள். பெருக்கம் 18 ஆகிவிடும், 741 ஓரளவு தாங்கும். அப்புறம் எழுதும்போது, உங்கள் சிக்னல் எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மாறுகிறது என்று எழுதுங்கள். கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அது மட்டும் இல்லை.