போரில் மாண்ட விமானியின் நகையா? உருக்குவதற்கு முன் கேளுங்கள்

பழைய நகைகளை மதிப்பிடும் கும்பகோணத்து அன்பர், டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி (நாகப்பட்டினம்): தாத்தா பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளிக் கைச்சங்கிலி கிடைத்தது ஐயா. தகட்டில் வெள்ளைக்காரர் பெயர், ஓர் எண், ‘ஆர்.ஏ.எஃப்.’, ‘சி ஆஃப் ஈ’ என்று வெட்டியிருக்கிறது. யாருடையது?

பதில்: இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் விமானப்படை வீரரின் அடையாளச் சங்கிலியாக இருக்க வேண்டும். படையில் கொடுத்த அடையாள வில்லைகள் அழுத்திய நார்ப்பொருளால் ஆனவை. பலர் சொந்தக் காசில் வெள்ளியில் ஒன்று செய்து கையில் போட்டுக்கொண்டார்கள். கடைசி எழுத்துகள் அவர் இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்தவர் என்று சொல்கின்றன. இறந்தால் எந்த முறைப்படி அடக்கம் செய்வது என்று தெரிய வேண்டுமே.

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள், கட்டணம் இல்லை. பர்மா, வங்காள விரிகுடாப் பக்கம் உடல் கிடைக்காமல் போன விமானிகளின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. பெயரோடு எண்ணும் பொருந்த வேண்டும். ஸ்மித் என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பட்டியலிலேயே இல்லை என்றால், பெரும்பாலும் அவர் உயிரோடு ஊர் திரும்பியிருப்பார். அப்படியானால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

கேள்வி (மன்னார்குடி): எங்களிடம் ஒரு விமானியின் மோதிரம் என்று சொல்லப்படுவது இருக்கிறது. அடகுக்கடையில் உரசிப் பார்த்து, மாற்று ரொம்பக் குறைவு என்றார்கள். அழித்துத் தோடு செய்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம் அம்மா. உள்பக்கம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ‘375’ என்றிருந்தால் 9 காரட். எட்டு கிராம் மோதிரத்தில் சுத்தத் தங்கம் மூன்று கிராம்தான் தேறும். இங்கிலாந்தில் அது சட்டப்படியான தரம், போலி இல்லை. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாமிலும், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனிலும் சோதித்தது. கூடவே உள்ள ஒற்றை எழுத்து எந்த ஆண்டு என்று காட்டும். 1943-ல் இறந்தவரின் மோதிரத்தில் 1948-க்கான எழுத்து இருந்தால் கதை அங்கேயே உடைந்துவிடும். இத்தனையும் சொல்லும் முத்திரைகளைப் பத்தர் உலையில் போட்டால் மிஞ்சுவது மூன்று கிராம்.

கேள்வி (திருவாரூர்): கறுத்த வெள்ளியைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: கூடாது. வெட்டெழுத்து மழுங்கிவிடும். மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

கேள்வி (கும்பகோணம்): இறக்கையும் கிரீடமும் வைத்த ப்ரூச் ஒன்றை, ‘செத்த விமானி அணிந்தது’ என்று விற்கிறார்கள்.

பதில்: இந்த வகை ப்ரூச்சை மனைவியோ காதலியோ தாயோ சேலைப் பின் மாதிரி உடையில் குத்திக்கொண்டார்கள். விமானி அணிந்ததில்லை. கிரீடத்தின் மேல் வளைவு நடுவில் பள்ளமாக இறங்கினால் அது எலிசபெத் ராணி காலத்தது, போருக்குப் பிந்தியது.

கேள்வி (மயிலாடுதுறை): தங்கப் புழு வடிவப் பின், சிவப்புக் கண். வாங்கலாமா?

பதில்: பாராசூட்டால் உயிர் பிழைத்தவர்களுக்கு, பாராசூட் தயாரித்த இர்வின் நிறுவனம் கொடுத்த கம்பளிப்புழுச் சங்கத்தின் பின் அது. பாராசூட் துணி பட்டு, அதனால் புழு. அந்த ஒரு குதிப்பில் பிழைத்தவர் பிறகு வேறு பறப்பில் இறந்திருக்கலாம். பின்புறம் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாததற்கு விமானி விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்துக்கே திருப்பி அனுப்ப ஆசை.

பதில்: நல்ல மனசு. ஒன்று மட்டும் கவனியுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1918-ல் பத்தொன்பது வயதில் பிரான்சின் வானில் மாண்ட நம் விமானி இந்திரலால் ராய் காலத்துப் பொருள்கள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டன, இரண்டாம் போர்க்காலத்தவை இன்னும் தாண்டவில்லை. குடும்பத்தைத் தேடி இணையத்தில் படம் போடும்போது எண்ணையோ உள்பக்க எழுத்தையோ மறைத்துவிடுங்கள். உரிமை கேட்டு வருபவர் அதைத் தாமாகச் சொல்லட்டும், அப்புறம் பொருளைக் கொடுங்கள்.