படுத்தவுடன் மூச்சு முட்டுகிறது, நள்ளிரவில் காற்று பீறிடுகிறது: சிபாப் அழுத்தத்தைக் குறைக்கலாமா?

கேள்வி: ஸ்லீப் ஆப்னியாவுக்காக (தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு தடைபடும் கோளாறு) மூன்று வாரமாக ஆட்டோ சிபாப் போடுகிறேன்; மாஸ்க் வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும், தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் மெஷின் அது. அழுத்தம் 4 முதல் 20 வரை. படுத்ததும் மூச்சு முட்டுகிறது. நள்ளிரவில் காற்று பீறிட்டு எழுப்புகிறது. காலையில் வயிறு உப்பியிருக்கிறது. அழுத்தத்தை நானே குறைக்கலாமா?

பதில்: வேண்டாம். குறைத்தால் தொண்டை மறுபடி அடைத்துக்கொள்ளும். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கவும் வேண்டியதில்லை.

படுத்ததும் மூச்சு முட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அழுத்தம் போதாமைதான். சிபாப் தருவதிலேயே குறைந்த அளவு 4 செ.மீ. நீரழுத்தம். விழித்திருக்கும் பெரியவர்கள் பலருக்கு அது பற்றாது. குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றும் ராம்ப் வசதியும் இங்கே உதவாது. கீழ் எல்லையே 4 என்றால் ராம்ப்பும் 4-லிருந்துதான் கிளம்பும். கீழ் எல்லையை 6 அல்லது 7 ஆக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

காற்று பீறிடுவதற்கு முதலில் கசிவைச் சந்தேகியுங்கள். கசிந்த காற்றை ஈடுகட்ட மெஷின் இன்னும் வேகமாக ஊதும். உடனே ஸ்ட்ராப்பை இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு; மாஸ்க்கின் ஓரத்தில் முகத்தில் பதியும் மென்மையான குஷன் மடிந்து கசிவு கூடும். மாஸ்க்கை உட்கார்ந்து சரிசெய்யாமல், வழக்கமாகப் படுக்கும் நிலையில், காற்று ஓடும்போது சரிசெய்யுங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக இழுத்து, குஷன் உப்பியதும் மெல்லப் பதியவிடுங்கள். முகத்தில் எண்ணெய்ப் பசையோ க்ரீமோ இருந்தால் எந்த மாஸ்க்கும் வழுக்கும். மூக்கு மாஸ்க் போட்டு வாய் உலர்ந்து எழுந்தால், கசிவு வாய் வழியாக.

கசிவு இல்லாமலும் பீறிட்டால், மல்லாந்து படுக்கும்போது தொண்டை அதிகம் அடைப்பதால் மெஷின் அழுத்தத்தை ஏற்றியிருக்கலாம். ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். 4–20 என்பது தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் அகலமான எல்லை; உங்கள் மெஷினின் பதிவுகளைப் பார்த்து மருத்துவர் அதைச் சுருக்க முடியும்.

வயிற்று உப்பிசம், காற்றை விழுங்குவதால் வருவது. படுக்கையின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். மூச்சை விடும்போது அழுத்தத்தைத் தணிக்கும் வசதி பல மெஷின்களில் 1 முதல் 3 வரை நிலைகளில் உண்டு. ஒரு நிலை கூட்டி மூன்று நான்கு இரவு பாருங்கள். உப்பிசம் குறையாவிட்டால், உள்ளிழுக்க ஓர் அழுத்தம், வெளிவிட ஓர் அழுத்தம் தரும் பைபாப் பற்றி மருத்துவர் யோசிப்பார்.

மூக்கடைப்பு இருந்தால் சாதாரண அழுத்தமும் முகத்தில் அறைவதுபோல் தெரியும். படுக்குமுன் சலைன் ஸ்ப்ரே, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரில் ஒரு நிலை கூடுதல் ஈரப்பதம். ட்யூபில் தண்ணீர் களகளவென்று சத்தமிட்டால் ஈரப்பதத்தைக் குறையுங்கள்.

பகலில் விழித்தபடியே 20 நிமிடம் மாஸ்க் போட்டுப் பழகுவது பலருக்குக் கைகொடுக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது மெமரி கார்டை எடுத்துச் செல்லுங்கள். அவர் பார்ப்பது மூன்று: கசிவு, 95 சதவீத நேரம் மெஷின் தாண்டாத அழுத்தம், மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற ஏ.ஹெச்.ஐ. கடைசி எண் 5-க்குமேல் நீடித்தாலோ, கடும் காதுவலி, மூக்கில் ரத்தம் வந்தாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். நெஞ்சுவலி என்றால் அவசர சிகிச்சைக்கே போய்விடுங்கள்.