வாரண்ட் இல்லாம பாக்கெட்ல கை விடலாமா?

ப்ரோ, யாரோ பேர் சொல்லாம 911ங்கற போலீஸ் அவசர நம்பருக்கு போன் பண்ணி துப்பாக்கி வச்சிருக்கான்னு சொன்னதுக்கு, நியூயார்க் பஸ் ஸ்டாப்ல நின்ன உங்க தம்பிய போலீஸ் தடவி, பாக்கெட்ல இருந்த மாத்திரை டப்பாவையும் எடுத்துத் திறந்தாங்கன்னு போட்டிருக்கீங்க. வாரண்ட் வேணாம்ங்கறது சரிதான், 1968லயே டெர்ரி கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ஆனா ஆயுதம் இருக்குன்னு நம்ப உருப்படியான காரணம் இருக்கணும், அதுவும் சட்டைக்கு மேல தடவறதோட சரி. 2000ல வந்த ஃப்ளோரிடா ஜே.எல். கேஸ் அப்படியே உங்க கதைதான்: பஸ் ஸ்டாப், கட்டம் போட்ட சட்டை, மொட்டை போன், நிஜமாவே துப்பாக்கியும் கிடைச்சுது, அப்பவும் ஒன்பது ஜட்ஜும் அந்த சோதனை செல்லாதுன்னுட்டாங்க! டப்பாவத் திறந்தது அதைவிட மோசம், 1993 டிக்கர்சன் கேஸ்ல பாக்கெட்ட வெளியிலேர்ந்து அமுக்கி உருட்டிப் பாத்ததையே கோர்ட் ஏத்துக்கல. முதல்ல வக்கீல விட்டு அந்த 911 ரெக்கார்டிங்க வாங்குங்க, கண்ணால பாத்தேன்னு போன் பண்ண ஆள் சொல்லியிருந்தா, போலீசுக்கு காரணம் இருந்துச்சுன்னு வாதாட வழி கிடைச்சிடும், உங்களுக்கு கொஞ்சம் சிக்கல்.